பழைய கேம் கன்சோலை நேரலையில் காட்டுவது எப்படி? ஏன் தள்ளிப்போடக்கூடாது?

ஃபேரர் பார்க் வட்டாரத்து வீட்டின் ஸ்டோர் ரூமைத் திறந்துபாருங்கள். தீபாவளி விளக்குப் பெட்டிக்கும் பழைய மின்விசிறிக்கும் பின்னால் ஒரு மைக்ரோ ஜீனியஸோ, சூப்பர் ஃபேமிகாமோ, முதல் தலைமுறைப் பிளேஸ்டேஷனோ இன்னும் இருக்கலாம். கூடவே மஞ்சள், சிவப்பு, வெள்ளை முனைகள் கொண்ட கம்பி. அதைச் சொருக இன்றைய தொலைக்காட்சியில் இடமே இல்லை.

வீட்டுப் பிள்ளைகளுக்கோ அடுத்தவர் விளையாடுவதை யூடியூபில் பார்ப்பது சாதாரணம். "அப்பா விளையாடினதையும் அப்படிப் போட முடியுமா?" என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்?

முடியும். செலவும் அதிகமில்லை. ஆனால் சில விஷயங்களைத் தெரிந்துகொள்ளாமல் கையில் கிடைத்த கருவியை வாங்கினால் படம் கறுப்பு வெள்ளையாக வரும், நடுங்கும், சில நேரம் விளையாட்டு வீரரே திரையில் காணாமல் போவார். அது ஏன், என்ன செய்யலாம், சட்டம் என்ன சொல்கிறது என்பதைப் பார்ப்போம்.

இப்போது ஏன் இந்தப் பேச்சு?

மூன்று காரணங்கள்.

முதலாவது, பழைய விளையாட்டுகள் சந்தையிலிருந்து மறைந்துவருகின்றன. அமெரிக்காவின் காணொளி விளையாட்டு வரலாற்று அறநிறுவனம் 2023 ஜூலையில் ஓர் ஆய்வை வெளியிட்டது. அமெரிக்காவில் 2010க்கு முன் வெளிவந்த விளையாட்டுகளில் 87 விழுக்காடு இப்போது விற்பனையில் இல்லை என்பது அதன் முடிவு. காசு கொடுத்து வாங்க நினைத்தாலும் கடையில் கிடைக்காது. அதே ஆண்டு மார்ச்சில் நிண்டெண்டோ அதன் 3டிஎஸ், வீ யூ கருவிகளுக்கான இணையக் கடையை மூடியது.

இரண்டாவது, விளையாட்டு யாருக்குச் சொந்தம் என்ற விவாதம் சூடுபிடித்திருக்கிறது. யூபிசாஃப்ட் நிறுவனம் 2024இல் 'தி குரூ' விளையாட்டின் சர்வர்களை நிறுத்தியது. காசு கொடுத்து வாங்கியவர்களாலும் அதை விளையாட முடியவில்லை. அதன்பின் ஐரோப்பாவில் தொடங்கிய குடிமக்கள் மனு 2025 ஜூலையில் 10 லட்சம் கையெழுத்துகளைத் தாண்டியது.

மூன்றாவது, கருவிகளுக்கும் வயதாகிறது. பழைய கேட்ரிட்ஜ் பலவற்றுக்குள் நாணயம்போன்ற ஒரு சிறிய மின்கலம் இருக்கிறது. நீங்கள் சேமித்துவைத்த ஆட்டம் அந்த மின்கலத்தின் தயவில்தான் உயிரோடு இருக்கிறது. அது தீர்ந்தால் ஆட்டமும் அழியும். 1999இல் ஜப்பானில் வெளிவந்த போக்கிமான் கோல்ட், சில்வர் விளையாட்டுகளில் கடிகாரமும் அதே மின்கலத்தில் ஓடுவதால் அது இன்னும் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

பதிவு எதற்கு? விளையாடினால் போதாதா?

2023 டிசம்பரில் நடந்ததைப் பாருங்கள். அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தைச் சேர்ந்த 13 வயதுச் சிறுவர், 1989இல் வெளிவந்த நிண்டெண்டோ டெட்ரிஸ் விளையாட்டை 157ஆம் நிலைவரை கொண்டுசென்றார். அதற்குமேல் தாங்கமுடியாமல் விளையாட்டே உறைந்துபோனது. 34 ஆண்டாக எந்த மனிதரும் செய்யாத ஒன்று அது. உலகம் நம்பியதற்குக் காரணம்? எல்லாம் காணொளியில் பதிவாகியிருந்தது.

'கேம்ஸ் டன் குவிக்' என்ற நிகழ்ச்சி 2010 முதல் நடக்கிறது. பழைய, புதிய விளையாட்டுகளை மின்னல் வேகத்தில் முடித்துக்காட்டுவார்கள். நேரலையில் பார்ப்பவர்கள் கொடுக்கும் நன்கொடை அறநிறுவனங்களுக்குப் போகிறது. இதுவரை திரட்டப்பட்ட தொகை 5 கோடி அமெரிக்க டாலருக்கும் அதிகம்.

இவை பெரிய கதைகள். உங்கள் வீட்டுக்கான காரணம் இன்னும் எளிமையானது. அண்ணனும் தம்பியும் 1997இல் சேமித்த ஆட்டம் இன்னும் அந்தக் கேட்ரிட்ஜில் இருந்தால், மின்கலத்தை மாற்றும்முன் அதைப் பதிவுசெய்துகொள்வது நல்லது. பழைய மின்கலத்தைச் சும்மா கழற்றினாலே சேமித்தது அழிந்துவிடலாம்.

புதிய கணினிக்குப் பழைய படம் ஏன் புரிவதில்லை?

பழைய கன்சோல்கள் படக்குழாய்த் தொலைக்காட்சிக்காகச் செய்யப்பட்டவை. அந்தத் தொலைக்காட்சி ஒரு படத்தை ஒரே நேரத்தில் காட்டாது. முதலில் ஒற்றைப்படை வரிகள், பிறகு இரட்டைப்படை வரிகள் என்று மாற்றி மாற்றி வரையும். நொடிக்கு 60 முறையோ 50 முறையோ அது நடக்கும்.

1980களிலும் 1990களிலும் வந்த கன்சோல்கள் ஒரு தந்திரம் செய்தன. மாற்றி மாற்றி வரைவதற்குப் பதில், ஒரே வரிகளின்மேல் ஒவ்வொரு முறையும் முழுப் படத்தையும் வரைந்தன. ஏறக்குறைய 240 வரிகள். அதனால் இதை 240பி என்று அழைக்கிறார்கள். படக்குழாய்க்கு இதில் எந்தச் சிக்கலும் இல்லை.

இன்றைய பதிவுக் கருவிகள் பல, வருவது 480 வரிகள் கொண்ட சாதாரணத் தொலைக்காட்சிப் படம் என்று தவறாக நினைத்துக்கொள்கின்றன. அடுத்தடுத்த இரண்டு படங்களைச் சேர்த்து ஒன்றாக்குகின்றன. விளைவு: நகரும் உருவங்களின் ஓரங்கள் சீப்புப் பல் மாதிரித் தெரியும். நொடிக்கு 60 படங்கள் 30 ஆகக் குறையும்.

இதில் என்ன பெரிய நட்டம் என்று கேட்கலாம். பழைய விளையாட்டுகளில் வீரர் அடிபட்டால் உருவம் விட்டுவிட்டு மின்னும், இல்லையா? ஒரு படத்தில் இருப்பார், அடுத்த படத்தில் இருக்கமாட்டார். நீங்கள் நொடிக்கு 30 படம் மட்டும் பதிவுசெய்தால் இரண்டில் ஒன்று விடுபடும். சில நொடிகளுக்கு வீரர் முற்றிலும் மறைந்துபோவார், அல்லது மின்னாமல் அப்படியே நிற்பார். சில விளையாட்டுகளில் நிழல்களுக்கும் இதே கதி.

சிங்கப்பூருக்கே உரிய ஒரு குழப்பம்

சிங்கப்பூர்த் தொலைக்காட்சி பால் என்ற முறையைப் பின்பற்றியது. நொடிக்கு 50 துடிப்பு. ஆனால் இங்குள்ள வீடுகளுக்கு வந்த கன்சோல்களில் பல ஜப்பானிலிருந்து வந்தவை, அல்லது ஆசியச் சந்தைக்கான ஜப்பானிய வகை. அவை என்டிஎஸ்சி முறை, நொடிக்கு 60 துடிப்பு. அந்தக் காலத்தில் இரண்டையும் ஏற்கும் தொலைக்காட்சிகள் இங்கே பரவலாக விற்றதால் யாரும் கண்டுகொள்ளவில்லை.

இப்போது அது முக்கியம். பதிவுக் கருவியைப் பால் முறையில் வைத்துவிட்டு என்டிஎஸ்சி கன்சோலை இணைத்தால் படம் கறுப்பு வெள்ளையாக வரலாம், அல்லது உருண்டுகொண்டே இருக்கலாம். கருவி கெட்டுவிட்டது என்று நினைத்துத் தூக்கிப்போடாதீர்கள். அமைப்பை மாற்றிப்பாருங்கள், பெரும்பாலும் அதுதான் கோளாறு.

வேகத்திலும் வித்தியாசம் உண்டு. பால் முறைக்குச் சரியாக மாற்றியமைக்கப்படாத விளையாட்டுகள் சுமார் 17 விழுக்காடு மெதுவாக ஓடும். பாட்டும் மெதுவாகக் கேட்கும். "சின்ன வயசுல இது இவ்வளவு வேகமா இல்லையே" என்று உங்களுக்குத் தோன்றினால் உங்கள் நினைவு சரியாகவே இருக்கலாம்.

என்னென்ன வேண்டும்?

• கன்சோலும் அதற்குரிய ஏவி கம்பியும்

• பதிவுக் கருவி, அதாவது கேப்ச்சர் கார்டு

• கணினி

• ஓபிஎஸ் ஸ்டூடியோ மென்பொருள் (இலவசம், 2012இலிருந்து இருக்கிறது)

இணைப்புக்கு மூன்று வழிகள் உள்ளன.

முதல் வழி மலிவானது. மஞ்சள், சிவப்பு, வெள்ளை முனைகளை நேராக வாங்கிக்கொள்ளும் சிறிய யுஎஸ்பி கருவி. நண்பர்களுக்குக் காட்ட இது போதும். ஆனால் 240பி படத்தைத் தவறாகப் புரிந்துகொள்ளும் சிக்கல் இதில்தான் அதிகம்.

இரண்டாவது வழி, நடுவில் ஒரு மாற்றுக் கருவியை வைப்பது. பழைய படத்தை எச்டிஎம்ஐயாக மாற்றி, அதை எச்டிஎம்ஐ கேப்ச்சர் கார்டுக்கு அனுப்புவது. இங்கே கவனம் தேவை. "ஏவி டு எச்டிஎம்ஐ" என்று விற்கப்படும் சாதாரணப் பெட்டிகள் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்காகச் செய்யப்பட்டவை. விளையாட்டுக்கென்றே செய்யப்பட்ட ஓஎஸ்எஸ்சி, ரெட்ரோடிங்க் போன்றவை 240பி படத்தைச் சரியாக அடையாளம் காணும். தாமதமும் மிகக் குறைவு.

மூன்றாவது, ஆர்வலர்களின் வழி. 2023இன் இறுதியில் ரெட்ரோடிங்க் 4கே கருவி வந்தபோது அதன் விலை 750 அமெரிக்க டாலராக இருந்தது. படக்குழாயின் தோற்றத்தையே அது திரும்பக் கொண்டுவரும். முதன்முதலில் முயல்பவருக்கு இவ்வளவு செலவு தேவையில்லை.

கம்பியும் முக்கியம். மஞ்சள் முனையில் நிறமும் வெளிச்சமும் ஒரே கம்பியில் கலந்து வருவதால் எழுத்துகளின் ஓரம் மங்கும். உங்கள் கன்சோல் எஸ்-வீடியோ, ஆர்ஜிபி, காம்பொனென்ட் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றை ஆதரித்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். பல நேரங்களில் புதிய கருவியைவிட நல்ல கம்பி அதிக வித்தியாசம் காட்டும்.

1983இல் வந்த முதல் ஃபேமிகாமில் ஏவி முனையே கிடையாது, ஆன்டெனா கம்பி மட்டும்தான். ஏவி முனையுள்ள வகை 1993இல்தான் வந்தது. உங்களிடம் இருப்பது எது என்று பின்புறத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு மற்றதை வாங்குங்கள்.

கணினித் திரையைப் பார்த்து விளையாடலாமா?

வேண்டாம். யுஎஸ்பி கருவி வழியாக வரும் படம் சற்றுத் தாமதமாகத்தான் கணினியில் தெரியும். நீங்கள் பொத்தானை அழுத்தி, குதிப்பதற்குள் குழியில் விழுந்திருப்பீர்கள்.

படத்தை இரண்டாகப் பிரித்து, ஒன்றைத் தொலைக்காட்சிக்கும் மற்றொன்றைக் கணினிக்கும் அனுப்புவதுதான் முறை. ஏவி கம்பியை வெறும் ஒய் வடிவ இணைப்பில் பிரித்தால் சமிக்ஞையின் பலம் குறைந்து படம் இருட்டாகும். மின்சாரம் தேவைப்படும் பிரிப்பான் பெட்டியை வாங்குங்கள். எச்டிஎம்ஐ கேப்ச்சர் கார்டு என்றால், படத்தை அப்படியே வெளியே அனுப்பும் கூடுதல் முனை அதிலேயே உள்ளதா என்று பாருங்கள்.

ஓபிஎஸ்ஸில் எதை மாற்றவேண்டும்?

• காணொளி முறை: கன்சோலுக்கு ஏற்ப என்டிஎஸ்சி அல்லது பால்.

• வரிப்பின்னல் நீக்கம்: படத்தின்மேல் வலது பொத்தானை அழுத்தினால் 'டீஇன்டர்லேசிங்' என்ற தெரிவு வரும். அதில் 'ரெட்ரோ' என்றே ஒன்று உண்டு. மலிவான கருவியில் வரும் 240பி படத்துக்கு அதை முதலில் முயன்றுபாருங்கள். பிளேஸ்டேஷன் 2 போன்றவற்றுக்கு 'யாடிஃப் 2எக்ஸ்' பொருந்தும்.

• ஃபிரேம் எண்ணிக்கை: என்டிஎஸ்சி என்றால் 60, பால் என்றால் 50.

• அளவு: 720 வரி என்றால் 960க்கு 720, 1080 வரி என்றால் 1440க்கு 1080. பழைய படத்தை அகலத் திரைக்கு இழுத்தால் எல்லாரும் குண்டாகத் தெரிவார்கள். இரு பக்கமும் கறுப்பாக இருந்தால் பரவாயில்லை.

• ஒலி: படத்துக்கு முன்னால் ஒலி வந்தால் 'சிங்க் ஆஃப்செட்' எண்ணைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள்.

யூடியூபில் ஏற்றும்போது ஒன்றை மறக்காதீர்கள். நொடிக்கு 60 படம் என்ற வசதி 720 வரியும் அதற்கு மேலும் உள்ள காணொளிகளுக்கே கிடைக்கும். 240 வரியிலேயே ஏற்றினால் இவ்வளவு பாடுபட்டதும் வீண்.

மின்சாரத்தில் விளையாடாதீர்கள்

சிங்கப்பூரில் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். ஜப்பானில் 100. ஜப்பானுக்காகச் செய்யப்பட்ட கன்சோலையோ அதன் மின்சார அடாப்டரையோ இங்கே நேராகச் சொருகினால் கருகிவிடும். மின்னழுத்தத்தைக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும், அல்லது பொருத்தமான புதிய அடாப்டர் வேண்டும்.

பார்க்க ஒரே மாதிரி இருக்கும் அடாப்டர்களையும் நம்பவேண்டாம். மேற்கத்திய என்இஎஸ் கன்சோலின் அடாப்டர் மாறுதிசை மின்சாரம் கொடுப்பது. ஃபேமிகாமுக்கும் சூப்பர் ஃபேமிகாமுக்கும் நேர்மின்சாரம் தேவை. மாற்றிச் சொருகினால் கருவி பழுதாகலாம்.

புதிய அடாப்டர் வாங்கினால் அதில் பாதுகாப்புச் சின்னம் இருக்கிறதா என்று பாருங்கள். சிங்கப்பூரில் ஏசி அடாப்டர்கள் கட்டுப்படுத்தப்பட்ட பொருள்கள். அந்தச் சின்னம் இல்லாமல் அவற்றை விற்கக்கூடாது.

சட்டம் என்ன சொல்கிறது?

விளையாட்டின் படமும் இசையும் அதை உருவாக்கிய நிறுவனத்தின் பதிப்புரிமைக்குள் வருபவை. கேட்ரிட்ஜ் உங்களுடையது என்பதால் மட்டும் அதை ஒளிபரப்பும் உரிமை உங்களுக்கு வந்துவிடாது.

நடைமுறையில் பெரும்பாலான நிறுவனங்கள் இதை அனுமதிக்கின்றன. நிண்டெண்டோ 2018 நவம்பரில் ஒரு வழிகாட்டியை வெளியிட்டது. தனிநபர்கள் தங்கள் சொந்தக் கருத்தோ படைப்பாற்றலோ சேர்த்து வெளியிடும் காணொளிகளுக்கு அதில் இடம் உண்டு. விளையாட்டை அப்படியே நகலெடுத்துப் போடுவது வேறு.

சிங்கப்பூரின் புதிய பதிப்புரிமைச் சட்டம் 2021 நவம்பர் 21ஆம் தேதி நடப்புக்கு வந்தது. 'நியாயமான பயன்பாடு' என்ற விதிவிலக்கு அதில் இருக்கிறது. எதற்காகப் பயன்படுத்தினீர்கள், எவ்வளவு பயன்படுத்தினீர்கள், அதனால் உரிமையாளரின் சந்தைக்குப் பாதிப்பா என்பன போன்றவை கணக்கில் எடுத்துக்கொள்ளப்படும். விளக்கமோ விமர்சனமோ சேர்ந்த காணொளிக்கு நிலைமை சற்றுச் சாதகம். ஆனால் அது முன்கூட்டியே கிடைக்கும் அனுமதிச் சீட்டு அல்ல.

அதிகம் மாட்டிக்கொள்வது இசையில்தான். விளையாட்டில் வரும் பிரபலப் பாடல், பின்னணியில் வீட்டில் ஓடும் சினிமாப் பாட்டு, இரண்டுமே யூடியூபின் தானியங்கிச் சோதனையில் சிக்கலாம். 2020 அக்டோபரில் டிவிச் தளம் இசை உரிமைப் புகார்களால் ஏராளமான காணொளிகளை நீக்கியது. நேரலையின்போது வானொலியை நிறுத்திவையுங்கள்.

பிளேஸ்டேஷன் 3 வைத்திருப்போருக்கு ஒரு குறிப்பு. அதன் எச்டிஎம்ஐ முனையில் நகல் தடுப்புப் பூட்டு எப்போதும் இருக்கும், அதனால் பதிவுக் கருவியில் வெறும் கறுப்புத் திரைதான் வரும். பூட்டை உடைக்கும் பெட்டிகளைத் தேடவேண்டாம். அதே கன்சோலின் காம்பொனென்ட் கம்பியைப் பயன்படுத்தினால் போதும்.

எமுலேட்டர் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு?

நியாயமான கேள்வி. கணினியிலேயே பழைய விளையாட்டை ஓட்டும் எமுலேட்டரில் படம் தெளிவாக இருக்கும், பதிவும் சுலபம். ஆனால் விளையாட்டுக் கோப்புகளை இணையத்திலிருந்து இறக்கினால் பதிப்புரிமைச் சிக்கல் வரும். 2024 மார்ச்சில் யூசு என்ற எமுலேட்டரை உருவாக்கியோர் நிண்டெண்டோவுக்கு 24 லட்சம் அமெரிக்க டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டனர். அது புதிய கன்சோலுக்கான எமுலேட்டர் என்றாலும், நிறுவனங்கள் இதை எவ்வளவு தீவிரமாக எடுத்துக்கொள்கின்றன என்பதைக் காட்டியது.

நூலகங்கள் பழைய விளையாட்டுகளை ஆய்வாளர்களுக்குத் தொலைவிலிருந்து திறந்துவிடலாமா என்ற கோரிக்கையையும் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் 2024 அக்டோபரில் ஏற்கவில்லை. ஆகையால் வீட்டில் இருக்கும் அசல் கருவிக்கும் அதிலிருந்து எடுக்கும் பதிவுக்கும் மதிப்பு கூடியிருக்கிறதே தவிரக் குறையவில்லை.

எங்கே தேடுவது?

ஒரு காலத்தில் இதற்கு ஃபேரர் பார்க்கிலிருந்து நடந்தே போயிருக்கலாம். சுங்கை ரோடு சந்தையில் பழைய கம்பி முதல் கைக்கடிகாரம்வரை தரையில் விரித்துவைத்து விற்பார்கள். சுமார் 80 ஆண்டு நீடித்த அந்தச் சந்தை 2017 ஜூலை 10ஆம் தேதி மூடப்பட்டது.

இப்போது கம்பிகளுக்கும் இணைப்பு முனைகளுக்கும் சிம் லிம் டவர், கணினிச் சாதனங்களுக்கு அதன் அருகே இருக்கும் சிம் லிம் ஸ்குவேர். ஃபேரர் பார்க் எம்ஆர்டியிலிருந்து லிட்டில் இந்தியா ஒரே நிறுத்தம், அங்கே டௌன்டவுன் பாதைக்கு மாறினால் அடுத்ததே ரோச்சோர். கன்சோலின் பெயரையும் பின்புற முனையின் படத்தையும் கைப்பேசியில் எடுத்துச்செல்லுங்கள். வாயால் விளக்குவதைவிட அது சுலபம்.

அதே கம்பி, வேறு பெட்டி

இதுவரை படித்துவிட்டு "எங்க வீட்டுல கன்சோலே இல்லையே" என்று நினைப்பவர்களுக்குத்தான் இந்தப் பகுதி முக்கியம்.

மஞ்சள், சிவப்பு, வெள்ளை முனையை ஏற்கும் அதே யுஎஸ்பி கருவி, பழைய விஎச்எஸ் நாடாவையும் கேம்கார்டர் நாடாவையும் கணினிக்குக் கொண்டுவரும். சிராங்கூன் ரோடு ஸ்ரீ ஸ்ரீனிவாசப் பெருமாள் கோவிலில் எடுத்த கல்யாண வீடியோ, அங்கிருந்து புறப்பட்ட தைப்பூசக் காவடி, பாட்டியின் குரல். பல வீடுகளில் இவை நாடாவில் மட்டுமே இருக்கின்றன.

நாடாவுக்குக் கெடு நெருங்கிவிட்டது. உலகில் கடைசிவரை விஎச்எஸ் ரெக்கார்டர் தயாரித்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்தியது. ஆஸ்திரேலியாவின் தேசியத் திரைப்பட, ஒலி ஆவணக் காப்பகம் 2015லேயே எச்சரித்தது: காந்த நாடாக்களை 2025க்குள் மின்னிலக்கமாக மாற்றாவிட்டால் பலவற்றை இழக்க நேரிடும் என்று. நாடா சிதைவது மட்டுமல்ல, அதை ஓட்டும் இயந்திரமும் அதைப் பழுதுபார்க்கத் தெரிந்தவரும் குறைந்துவருகிறார்கள்.

நாடாவைப் பதிவுசெய்யும்போது சில மாற்றங்கள் வேண்டும்:

• இங்கே எடுத்த வீட்டு வீடியோ பெரும்பாலும் பால் முறை. நொடிக்கு 50 படமாக வையுங்கள்.

• 'ரெட்ரோ' தெரிவு வேண்டாம், 'யாடிஃப் 2எக்ஸ்' போடுங்கள். நாடாவில் இருப்பது உண்மையாகவே மாற்றி மாற்றி வரைந்த படம்.

• பூஞ்சை பிடித்த நாடாவை ஓட்டவேண்டாம். ரெக்கார்டரும் அதோடு கெடும். அதை நிபுணரிடம் கொடுங்கள்.

• நொடிக்கு 10 மெகாபிட் தரத்தில் ஒரு மணிநேரத்துக்குச் சுமார் 4.5 ஜிகாபைட் ஆகும். இடத்தை மிச்சப்படுத்தத் தரத்தைக் குறைக்காதீர்கள்.

• மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சேமிப்பு, ஒன்று வேறு வீட்டில். ஒரே ஹார்ட் டிஸ்கை நம்பினால் நாடாவை நம்பியது மாதிரிதான்.

எதை முதலில் செய்வது?

நேரம் ஒரு வாரயிறுதிதான் என்றால் இந்த வரிசையில் செய்யுங்கள்.

முதலில் குடும்ப நாடாக்கள். அவற்றுக்கு உலகில் வேறு பிரதியே இல்லை. அடுத்து, மின்கலம் உள்ள கேட்ரிட்ஜ்களில் சேமித்த ஆட்டங்கள். வட்டில் வந்த விளையாட்டுகள் அதற்குப்பின். நேரலை கடைசியில். அது எப்போது வேண்டுமானாலும் நடக்கலாம்.

பதிவு முடிந்ததும் எல்லாவற்றையும் வீசிவிடாதீர்கள். கோப்பு சரியாகத் திறக்கிறதா, ஒலி இருக்கிறதா என்று கடைசிவரை ஓட்டிப்பாருங்கள். சிங்கப்பூரில் ஆண்டுக்குச் சுமார் 60,000 டன் மின்கழிவு சேர்கிறது. படக்குழாய்த் தொலைக்காட்சியை நீக்குவதென்றால் கீழ்த்தளத்தில் விட்டுவிட்டுப் போகவேண்டாம். புதிய தொலைக்காட்சி வீட்டுக்கு வரும்போது பழையதை இலவசமாக எடுத்துச்செல்லும்படி கடைக்காரரைக் கேட்கலாம். 2021 ஜூலையிலிருந்து அது அவர்களின் கடமை.

ஆனால் கேட்பதற்குமுன் ஒருமுறை யோசியுங்கள். பழைய கன்சோல் எந்தத் தாமதமும் இல்லாமல் ஓடும் திரை அதுதான்.